கடைமடையில் 1.20 மீட்டர்

நாள் 211. 06:10. கடைமடை நீர்மட்டம் 1.20 மீட்டர். வெளியே மைனஸ் 88.
செவ்வாய், தலைமடை நிலையம். பணியில் நான் ஒருவன்தான். மடைக் காவலர் ஏகாம்பரம். மூடிய கால்வாய் இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிக் கடைமடைக் குடியிருப்பில் முடிகிறது. அங்கே அறுபத்து நான்கு பேர். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், அதைப் பிரித்துத்தான் மூச்சும் விடுகிறார்கள். மீதி நேரத்தில் புகார் சொல்கிறார்கள். குளிர் அலை வந்துவிட்டது, புகாரும் வரும்.

நாள் 212. 09:40. 1.20. மைனஸ் 97.
வந்துவிட்டது. கடைமடைப் பொறுப்பாளர் அங்கயற்கண்ணியின் செய்தி: "சார், வாய்க்கால்ல பொட்டுத் தண்ணி வரல. சூட்டுக் கம்பிக்கு கரன்ட்டைக் கூட்டுங்க சார்."
போன குளிரிலும் இதே பாட்டு. போய்ப் பார்த்தால் முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. கடைமடைக்காரர்கள் கஷ்டத்தை இரண்டு பங்காகச் சொல்வார்கள். நாங்கள் பாதியைக் கழித்துக்கொள்வோம். இந்தக் கால்வாயில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் இது. கடைமடையிலிருந்து நீர்மட்டத்தை இங்கே அனுப்பும் அளவியின் மிதவை மயிரிழைகூட இறங்கவில்லை. அதற்கு அழத் தெரியாது, அதனால் அதை நம்புகிறேன். கரன்ட்டைக் கூட்டவில்லை.

நாள் 213. 11:05. 1.20. மைனஸ் 104.
"தொட்டியில ரெண்டு நாளைக்குத்தான் இருக்கு சார்."
அப்படியானால் நான்கு நாளைக்கு இருக்கிறது.

நாள் 213. 15:30. 1.20.
"போன தடவ கூட்டித்தான் சொன்னேன், ஒத்துக்கறேன். இந்தத் தடவ நெசமாவே இல்ல. வந்து பாருங்க."
என்ன நடிப்பு! இந்த அம்மாள் நாடகத்துக்குப் போயிருக்கலாம். பதில் அனுப்பவில்லை.

நாள் 215. 10:30. 1.20. மைனஸ் 109.
நேற்றிலிருந்து சத்தமே இல்லை. கத்திக் கத்தி வாய் வலித்துவிட்டது போலும். அளவியைப் படம் எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டப்போகிறேன். தலைமையகம் தூரத்திலிருந்தே மடையைப் பார்த்துக்கொள்ளும். வண்டியை எடுத்துவிட்டேன்.

நாள் 215. 16:20. கடைமடை. 1.20.
மிதவை பனிக்குள் உறைந்து நிற்கிறது. பக்கத்தில் கடப்பாரையால் உடைத்தேன். ஒரு சாண் கனத்துக்குப் பனி. அதற்குக் கீழே தண்ணீர் இல்லை. வெறும் மண்.

16:50.
இருபத்தாறு பேருக்கு மூச்சிருக்கிறது. அங்கயற்கண்ணிக்கு இல்லை. அவர் செய்திக் கருவியின் முன்னாலேயே கிடந்தார். பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். நான் அனுப்பாத பதிலுக்கு.

17:05.
வண்டியின் பேட்டரி குளிரில் செத்துவிட்டது. தலைமையகத்தின் பறக்கும் ஊர்தி புறப்பட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். காற்று உருளைகள் கேட்டேன். இங்கே இரண்டு மணி நேரக் காற்றுதான் இருக்கிறது என்றேன்.
பதில்: "எங்க திரையில 1.20 ஜம்முனு நிக்குது ஏகாம்பரம். கடைமடைக்குப் போனதும் நீங்களும் அவங்கள மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்களே! ரெண்டு மணி நேரம்னா நாலு இருக்கும். சாப்பிட்டு வந்து பாக்கறோம்."

18:40. 1.20.
பத்தொன்பது பேர். என் விரல்கள் மரத்துவிட்டன. மறுபடி அனுப்பினேன்: "நெசமாவே இல்ல. வந்து பாருங்க."