ஏழாம் நம்பர் பஸ்ஸின் காலி சீட்டுகள்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவளுடைய வலது முழங்காலைத் தவிர, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். உன் அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் பேசினாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள், அவள் காதில் விழக்கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் தபால். மற்றபடி வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. மாடி வீட்டுக்காரர் வழக்கம்போலக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டார், நம் சமையலறையில் இரண்டு நாள் வாளி வைத்துப் பிடித்தோம், திரும்பி வந்து, "அப்படியா, எங்களுக்குத் தெரியவே இல்லையே" என்றார். அவருக்கு எப்படித் தெரியும், ஒழுகியது நம் தலையில் அல்லவா.

போன மாதம் நீ ஃபோனில் சொன்னதை உன் அம்மா இன்னும் அக்கம்பக்கத்தில் சொல்லி முடிக்கவில்லை. எட்டு வருஷம் கழித்து மகன் வருகிறான், அதுவும் கப்பலில் வருகிறான் என்று மருந்துக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். நீ சொன்ன வாக்கியத்தில் அவள் காதில் விழுந்தது "வர்றேன்" என்ற ஒரு சொல்தான். மீதி எல்லாம் என் காதில் விழுந்தது. "காலையில எட்டு மணிக்கு வந்து ஒன்றரைக்குக் கிளம்பிடுவோம்ப்பா, உங்க பஸ்லயே டூர் போட்டுட்டேன், ஊரையும் பாத்த மாதிரி இருக்கும், உங்களையும் பாத்த மாதிரி இருக்கும், அம்மாவை ஹார்பர் கேட்கிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் பேசிக்கலாம், ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றாய். அந்த இரண்டு மாங்காயில் நாங்கள் எந்த மாங்காய் என்று அன்றைக்கே கேட்டிருப்பேன், அம்மா பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். மருமகளை நான் குறை சொல்லவில்லை, அவள் பிறந்து வளர்ந்தது வேறு ஊர். உன்னைத்தான் சொல்கிறேன். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன், இந்த ஊரைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்கியிருக்கிறாய்.

அரைநாள் டூர் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ இங்கே இருந்த வரைக்கும் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று எட்டிப் பார்த்ததில்லை. சொல்கிறேன் கேள். கப்பல் வந்து நின்றதும் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஆயிரம் பேர் இறங்குவார்கள். எல்லோர் சட்டையிலும் பஸ் நம்பர் போட்ட ஒரு ஸ்டிக்கர், சந்தைக்குப் போகிற மாட்டுக்கு ஒட்டுகிற மாதிரி. நான் ஏழு என்று எழுதிய அட்டையை ஒரு கம்பில் மாட்டித் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். மணிக்கூண்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம், பழைய சிறைச்சாலைக்கு இருபது நிமிஷம், மேட்டில் நின்று துறைமுகத்தைப் படம் பிடிக்கப் பத்து நிமிஷம், கடைக்கு நாற்பது நிமிஷம். கடைக்கு மட்டும் ஏன் நாற்பது என்று முதலாளியைத்தான் கேட்க வேண்டும். நுனிப்புல் மேய்கிற மாடாவது புல்லைப் பார்க்கும், இவர்கள் மணிக்கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் முகத்தைத் தாங்களே படம் எடுத்துக்கொள்வார்கள். போன வருஷம் ஒருவர் மிகுந்த அக்கறையோடு, "கப்பல் வராத நாள்ல இந்த ஊர்க்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். "ஊரைக் கழுவிக் காயப் போடுவோம் சார்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் போய்ச் சொன்னார். அவர்கள் குளிர்சாதனக் கடைக்குள் போனதும் நான் வெளியே வெயிலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எள் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று கேட்பார்களே, அந்த எலிப்புழுக்கை உன் அப்பாதான்.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கூத்தை நடத்துகிறேன், ஒரு ஆளைக்கூடத் தொலைத்ததில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அதற்கும் போன வாரம் மண் விழுந்தது. எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் தலையை எண்ண மாட்டோம், காலி சீட்டைத்தான் எண்ணுவோம். ஆட்கள் குனிவார்கள், எழுந்து பை எடுப்பார்கள், இடம் மாறி உட்காருவார்கள், எண்ணி முடிப்பதற்குள் பிராணன் போய்விடும். காலி சீட் அசையாது. நாற்பத்தைந்து சீட், அன்றைக்கு நாற்பத்தோரு பேர், நாலு காலி. சிறைச்சாலையிலிருந்து கிளம்பும்போது பார்த்தேன், நாலு காலி, போகலாம் என்று டிரைவருக்குச் சொன்னேன். கடைக்கு வந்ததும் மூன்றாம் நம்பர் பஸ்ஸின் கைடு ஓடி வந்தாள், புதிதாகச் சேர்ந்த பெண், விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணுகிறவள், நாங்கள் எல்லாம் அவளைப் பார்த்துச் சிரிப்போம். "சார், எனக்கு ஒரு ஆள் குறையுது, உங்க பஸ்ல ஏறிட்டாரா பாருங்களேன்" என்றாள். என் பஸ்ஸில் கணக்கு கச்சிதம் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடியே சொல்லி அனுப்பிவிட்டேன். துறைமுகத்துக்கு வந்து எல்லோரும் இறங்கின பிறகு கடைசி வரிசையில் ஒரு ஆள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். சட்டையில் மூன்று என்று ஸ்டிக்கர். எழுப்பினால், "மணிக்கூண்டு வந்துடுச்சா?" என்று கேட்கிறான். சிறைச்சாலை வாசலில் பஸ் எல்லாம் ஒரே வெள்ளையாக வரிசையில் நின்றதில் தப்பாக ஏறிப் படுத்துவிட்டான். அவன் என் கணக்கில் ஒரு காலி சீட்டை நிரப்பிவிட்டான் என்றால், என் ஆள் ஒருவர் எங்கேயோ நிற்கிறார் என்றுதானே அர்த்தம். அப்போது மணி பன்னிரண்டு நாற்பது, ஒன்றரைக்குக் கப்பல் ஏணியைத் தூக்கிவிடுவார்கள், அப்புறம் ராஜா வந்து நின்றாலும் ஏற்ற மாட்டார்கள்.

ஒரு டாக்சியைப் பிடித்துக்கொண்டு சிறைச்சாலைக்கு ஓடினேன். பட்டியலைப் பார்த்ததில் குறைந்தது தனியாக வந்திருந்த ஒரு வயதான அம்மாள், காலையிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர். எங்கே போயிருப்பார், அழுதுகொண்டு நிற்பாரோ, விழுந்து கிடப்பாரோ என்று பயந்து போனால், உள்ளே கோடியில் ஒரு கொட்டடியில் கல் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஸ் போனது அவருக்குத் தெரியவே தெரியாது. என்னைப் பார்த்து, "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார். சுவரில் யாரோ ஒரு கைதி நாளைக்கு ஒரு கோடாகக் கீறி வைத்திருக்கிறான். இருநூற்றுப் பன்னிரண்டு கோடு, அப்புறம் இல்லை, அந்த ஆள் விடுதலை ஆனானா செத்தானா என்று என்னைக் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் நின்று, இங்கே தங்கியவர்களுக்கு வாடகை கிடையாது என்று ஒரே நகைச்சுவையைச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தக் கொட்டடிக்குள் நான் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பதினோரு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று டிரைவர் ஆறுதல் சொன்னார். ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் அடிபடும், இங்கே ஒரு கிழவி நடுத்தெருவில் நின்றிருப்பாள். மற்றவர்களைப் பார்த்து இளக்காரம் பேசியே வயதாகிவிட்டது எனக்கு, அன்றைக்கு என்னை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது.

இதை வீட்டில் சாப்பிடும்போது சொல்லித் தொலைத்தேன், அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. உன் அம்மா கிழவியைப் பற்றியும் கேட்கவில்லை, முதலாளி திட்டினாரா என்றும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ சம்பந்தமில்லாத ஆள் ஏறி உக்காந்தா யாருக்கும் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "அப்போ அவன் வர்ற அன்னிக்கு நான் ஏறி உக்காந்துக்கறேன். அஞ்சு நிமிஷம் கேட்டுல நிக்கறதுக்கு நாலு மணி நேரம் கூடவே இருக்கலாம்ல" என்கிறாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கடைத்தெருவில் போய்ப் பெரிய விளிம்பு வைத்த வெயில் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், டூரிஸ்ட் மாதிரித் தெரிய வேண்டுமாம், கண்ணாடி முன்னால் நின்று கோணலாக வைத்துப் பார்க்கிறாள், நேராக வைத்துப் பார்க்கிறாள். பஸ் படி உயரம் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தினமும் காலையில் மாடிப்படியின் முதல் இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி ஏறப் பழகுகிறாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கைப்பிடியைப் பிடித்து "அம்மா" என்று ஒரு முனகல், ஏறி விடுகிறாள், திரும்ப இறங்குகிறாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மகனே, இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். கடைசி வரிசையில் நாற்பத்தி மூன்றாம் நம்பர் சீட்டில் தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்கு உன் பின்னந்தலைதான் தெரியும். உன் பின்னந்தலையைப் பார்க்கவா உன்னைப் பெற்றாள்? பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்க்கும் நிலைமைக்கு அவளை நான் விடமாட்டேன். கேட்டிலும் நிற்க வைக்க மாட்டேன், அங்கே லாரிக்காரனும் காவலாளியும் நிற்பார்கள், அவள் நிற்க வேண்டாம். நான் நேரம் போட்டுப் பார்த்துவிட்டேன், நேரம் போடுவதுதானே என் பிழைப்பு. எட்டே முக்காலுக்கு நீங்கள் மூன்று பேரும் வெளியே வந்தால் டாக்சியில் ஒன்பதரைக்கு வீடு. பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினால் போதும். இரண்டே முக்கால் மணி நேரம். அதில் அவள் ஒரு வாய் ஊட்டுவாள், குழந்தையை மடியில் வைத்துக்கொள்வாள், நீ அரை மணி உன் பழைய கட்டிலில் படுக்கலாம். மணிக்கூண்டு எங்கேயும் ஓடிப்போகாது. முடியாது, டூரைக் கேன்சல் செய்ய மனமில்லை என்றால், அதையும் எனக்கு மட்டும் ஒரு வரி எழுதிவிடு. அன்று கடலில் காற்று அதிகம், கப்பல் கரைக்கு வராமலே போய்விட்டது என்று அவளிடம் சொல்லிவிடுவேன். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை உண்மையாகவே அப்படி நடக்கிறது, துறைமுகத்துக்காரன் சொன்னால் நம்புவாள். நான் வேலைக்குப் போகாமல் அவளோடு வீட்டிலேயே இருந்துவிடுவேன். உங்கள் பஸ்ஸுக்கு வேறு கைடு வருவார், நன்றாகச் சிரிப்பார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

மருமகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நூறு வருஷம் இருக்க வேண்டும். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் திரும்ப ஏறும்போது காட்ட வேண்டிய கப்பல் அட்டையைச் சட்டைப் பையில் வை, கைப்பையில் போடாதே, தொலைத்துவிட்டு அழுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் என் ஆபீஸ் விலாசத்துக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

கண்ணு, அம்மா எழுதுகிறேன். அப்பா குளிக்கப் போயிருக்கிறார், கடிதத்தைக் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார், படித்துவிட்டேன். அவர் காற்று என்று சொன்னால் நானும் ஆமாம் காற்று என்று சொல்லிக்கொள்வேன், என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. ஆனால் வருத்தம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாரே, அது பொய். குழந்தைக்குத் தமிழ் பாதிதான் புரியும் என்று நீ சொன்ன நாளிலிருந்து, மணிக்கூண்டைப் பற்றி அவளுக்குச் சொல்வதற்கென்று தனியாக ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறார். இப்போதும் குளியலறையில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, மெதுவாக. தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைக்கிறார். வீட்டுக்கு வந்தாலும் வா, பஸ்ஸில் வந்தாலும் வா, நான் எங்கே வேண்டுமானாலும் நிற்கிறேன். அவரைக் காற்று என்று மட்டும் சொல்ல வைத்துவிடாதே.