வெறுங்கை என்று சொன்னவள்

பிரிக்பீல்ட்ஸ்,
ரயில்வே கூலி லைன்,
6-2-1934

தம்பி சின்னையாவுக்கு, ஆறாம் நம்பர் அறை பவுனம்மாள் எழுதுவது. தண்டாயுதபாணி உன் உடம்பையும் மனதையும் காப்பாற்றட்டும். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் படிக்கப்போகிற சிறைக் கிளார்க் ஐயாவுக்கும் என் கும்பிடு.

என் பெயரைப் பார்த்ததுமே நீ காகிதத்தை மடித்து வைத்திருப்பாய். வைத்திருந்தால் மறுபடியும் பிரி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சம்பள நாளன்று, கள்ளுக்கடையிலிருந்து வந்த வேகத்தில், என் வீட்டுக்காரரின் வலது முழங்கையைத் தண்டவாள ஸ்பேனரால் அடித்து உடைத்தவன் நீ. உன்னைப் போலீஸ் கொண்டுபோனபோது மண்ணை வாரித் தூற்றியவள் நான். அப்படிப்பட்டவள் எதற்காக மெனக்கெட்டு எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், படித்துக்கொண்டே போ.

ரயில்வே கந்தோரில் கணக்கெழுதும் கிராணி இராமலிங்கம் ஒரு சேதி கொண்டுவந்தார். சித்திரை பிறந்ததும் உனக்கு விடுதலையாம். ஆனால் வெளியே விட்ட கையோடு உன்னைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடலாம் என்று துரைமார் பேசிக்கொள்கிறார்களாம். ஏழு வயதில் இங்கே வந்த பிள்ளை நீ. நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பாய்? உன் அப்பனும் ஆத்தாளும் இந்த ஊர்ச் சுடுகாட்டில்தான் வெந்தார்கள். அங்கே உனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

என் வீட்டுக்காரரைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். இப்போது லெவல் கிராசிங் கேட்டில் வேலை. இடது கையால் கொடி பிடிக்கிறார். சோறும் இடது கையால்தான். முதலில் நாலு பேர் முன்னால் இலையில் உட்காரவே கூசினார், கல்யாண வீடுகளுக்கே போகமாட்டேன் என்றார். இப்போது பழகிப்போயிற்று. மழை வந்தால் முழங்கை குடையும். இந்த ஊரில் மழை வராத நாள் ஏது?

உனக்காக முதலில் கிளம்பியவள் நான் இல்லை. ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளுகிற ஃபயர்மேன் பெண்டாட்டி உர்சுலா. எட்டு வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில், நிறைமாதமாக இருந்தவளைக் கதவுப் பலகையில் படுக்கவைத்துக் கழுத்தளவு தண்ணீரில் நீ இழுத்துக்கொண்டு போனாயே, அதை அவள் மறக்கவில்லை. குழாயடியில் என்னை மடக்கி, 'பவுனம், அடிபட்ட வீடு வான்னு சொன்னாத்தான் மத்த வீடு சொல்லும். நீ வாயத் தொறக்காட்டி இங்க ஒருத்தனும் தொறக்க மாட்டான் லா' என்றாள். குடத்தைக் கீழே வைத்தேன். அத்தனை பெண்களும் கேட்க, 'வரட்டும்' என்றேன். ஒருத்தி குடத்தில் தண்ணீர் வழிந்து ஓடியதுகூட யாருக்கும் தெரியவில்லை.

சொல்லிவிட்டேன், இனி பின்வாங்க மாட்டேன். என் குணம் உனக்குத் தெரியும். வருகிறேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

இப்படிக்கு,
பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
10-3-1934

தம்பி சின்னையாவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்று சொன்னால் தபால்காரன் சிரிப்பான். 'அண்ணி, எனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம். கப்பல் ஏற்றினால் ஏறிப் போகிறேன். அண்ணன் கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.' அவ்வளவுதான்.

உடைக்கத் தைரியம் இருந்தது, பார்க்கத் தைரியம் இல்லையா? அந்தக் கையை நான் தினமும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டா தேய்க்கிறேன்? நீ வேண்டாம் என்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். லைனில் எல்லோரும் நீ சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியே நினைக்கட்டும்.

உள்ளே நீ பிரம்பு நாற்காலி பின்னக் கற்றுக்கொண்டது இராமலிங்கத்தின் மூலம் தெரிந்தது. உர்சுலாவின் அண்ணன் ரபேல் கிள்ளானில் பிரம்புக் கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரயிலேறி வந்தார். எங்கள் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, 'கைவேலை தெரிஞ்சவன் எனக்கு வேணும், ஆனா கோவக்காரன் வேணாம். தோட்டத்துத் தொரைங்க வந்து போற கடை' என்றார். உர்சுலா அழ ஆரம்பித்துவிட்டாள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த அவர், நாலு வருஷமாக உன் பெயரையே எடுக்காத மனுஷர், 'அன்னிக்குக் கோவம் அவனுக்கு மட்டும் இல்ல' என்று சொல்லிவிட்டுக் கொடியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். ரபேல் என்னைப் பார்த்தார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ரபேல் இறங்கிவந்தார். முதல் ஆறு மாதம் நீ லைனிலேயே இருந்து பின்ன வேண்டும். பிரம்புக் கட்டு கிள்ளான் ரயிலில் வரும், முடிந்த நாற்காலி அதே ரயிலில் போகும். ஏற்றி இறக்குவது உர்சுலா புருஷன் பொறுப்பு. படுக்கை கடைசி அறையில், கல்யாணமாகாதவர்களோடு. உன் குறட்டையைப் பற்றி அவர்களுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்குத்தான் பெரிய சண்டை. ஏழு வீடு, வீட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்தோம். எல்லோரும் வெள்ளிக்கிழமைதான் வேண்டும் என்றார்கள், மீன் வாங்க வேண்டாமே என்ற கெட்டிக்காரத்தனம். கடைசியில் வெள்ளியை உர்சுலா தலையில் கட்டினோம். அவர்களுக்கு அன்று இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகுமாம். அதனால் வெள்ளிக்கிழமை நீ வேதக்கார வீட்டு மீன்குழம்பு சாப்பிடப் போகிறாய். சாமியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இவ்வளவு நல்ல சேதிக்குப் பிறகு ஒரு கெட்ட சேதி. உன்னைக் கப்பலேற்ற வேண்டாம் என்று போலீஸ் துரைக்கு மனு கொடுத்தோம். முப்பத்திரண்டு பேர் கைநாட்டு. இராமலிங்கம்தான் எழுதினார். அவர் பேனாவைத் தொட்டாலே புகழ்ச்சி கொட்டும் என்பது உனக்குத் தெரியுமே. உன்னை 'ஈ எறும்புக்கும் தீங்கு நினையாத உத்தமர்' என்று எழுதிவிட்டார். படித்துக் காட்டியபோது நாங்களும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினோம். துரை அதை இங்கிலீஷில் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். எறும்புக்குத் தீங்கு செய்யாதவன்தான் இந்தக் கையை உடைத்தானா என்று கேட்டாராம். பிறகு சிரிப்பை நிறுத்திக் கேஸ் கட்டைப் புரட்டி, 'வெறுங்கையோடு நின்ற மனுஷனைக் காரணமில்லாமல் அடித்தவன் என்று சாட்சி இருக்கிறது. குடித்துவிட்டுச் சண்டை போட்டவன் என்றால் யோசிக்கலாம். இப்படிப்பட்டவனை இங்கே வைத்துக்கொள்ள முடியாது' என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். இராமலிங்கம் இரண்டு நாளாகச் சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை.

சாட்சி சொன்னது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுத முடியாது. நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் செய்யும்வரைக்கும் நீ கப்பல், கப்பல் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

இப்படிக்கு,
பவுனம்மாள்


பிரிக்பீல்ட்ஸ்,
5-4-1934

தம்பி சின்னையாவுக்கு,

செய்துவிட்டேன். கிளார்க் ஐயா இதைத் தாராளமாகப் படிக்கட்டும், பக்கத்து மேசைக்காரருக்கும் படித்துக் காட்டட்டும். போலீஸ் துரையிடமே சொன்ன பிறகு வேறு யாரிடம் மறைப்பது?

அன்றைக்கு மண்வெட்டிப் பிடியை முதலில் ஓங்கியவர் என் வீட்டுக்காரர். உன் தோளில் ஓர் அடியும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் நீ ஸ்பேனரை எடுத்தாய். இதையெல்லாம் நான் கதவருகில் நின்று பார்த்தேன். போலீஸ் வருகிறது என்று சத்தம் கேட்டதும் அந்தப் பிடியை எடுத்து அடுப்பில் செருகி, மேலே உலையை வைத்தேன். அது எரிந்த நெருப்பில்தான் அன்று சோறு வெந்தது. கோர்ட்டில் சத்தியம் செய்து, என் புருஷன் வெறுங்கையோடு நின்றார் என்று சொன்னேன். பிடியைப் பற்றிச் சொன்னால் ஒடிந்த கையோடு அவரையும் உள்ளே போடுவார்கள், ரயில்வேக்காரன் அறையைக் காலி செய்யச் சொல்வான் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு நீ நாலு வருஷம் கொடுத்தாய்.

போன மாதம் மனு திரும்பி வந்த அன்றே அவரிடம் சொன்னேன், நான் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. கேட் வேலை போய்விடும், நடுத்தெருவில் நிற்போம் என்றார். நிற்போம் என்றேன். சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. நானும் கெஞ்சவில்லை, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, கோட்டை எடுத்து வந்து, பொத்தான் போட்டுவிடச் சொன்னார். ஒற்றைக் கையால் அவருக்குப் போட வராது. போட்டுக்கொண்டிருக்கும்போது, 'எனக்குக் கைதான் மடங்கல. ஒனக்கு நாக்கும் மடங்காது போல. வா, போவோம்' என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

லைன் பெண்கள் அத்தனை பேரும் கூட வந்துவிட்டார்கள். போலீஸ் கந்தோருக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள். உர்சுலா செபமாலை உருட்டினாள், அடுத்த அறைக்காரி கந்தர் சஷ்டிக்கு நேர்ந்துகொண்டாள். ஒரு புகழ்ச்சி வார்த்தையும் பேசக்கூடாது என்று இராமலிங்கத்திடம் சத்தியம் வாங்கியிருந்தேன். மனுஷர் உதட்டைக் கடித்துக்கொண்டே நின்றார்.

இதை ஏன் அப்போது சொல்லவில்லை என்று துரை துபாஷியை விட்டுக் கேட்டார். 'அன்னிக்குச் சோத்துக்குப் பயந்தேன் தொரை. இப்ப அத விடப் பெரிய பயம் புடிச்சிருக்கு' என்றேன். என்ன பயம் என்று கேட்டார். 'அவன் ஏறுற கப்பல் என் பேச்சுல ஓடக்கூடாது' என்றேன். துபாஷி அதை எப்படித் திருப்பினாரோ, துரை எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். என் வீட்டுக்காரர் முன்னால் வந்து, மடங்காத கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்து, 'நான்தான் மொதல்ல ஓங்கினேன், எழுதிக்குங்க' என்றார்.

முடிவைச் சொல்கிறேன். உன்னைக் கப்பலேற்றவில்லை. ஒரு வருஷத்துக்கு மாதம் பிறந்தால் நீ போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்க வேண்டும், தப்பு நடந்தால் கப்பல்தான். ரபேல் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் விஷயம் வேறு. சத்தியம் செய்து பொய் சொன்னது குற்றம், மேலிடத்துக்கு எழுதுகிறேன், என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார் துரை. இன்னும் ஒன்றும் வரவில்லை. கேட் வேலையைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லை. வந்தால் வரட்டும். உள்ளே போட்டால் நானும் பிரம்பு பின்னக் கற்றுக்கொண்டு வருகிறேன். என் சமையல் நாளையும் எங்கள் பிள்ளையையும் உர்சுலா சேர்த்துப் பார்த்துக்கொள்வாள், அதுவும் பேசியாயிற்று.

வருஷப்பிறப்புக்கு மறுநாள் காலை உன்னை வெளியே விடுவார்கள். மாலை, மேளம் என்று இராமலிங்கம் ஆரம்பித்தார், வாயை அடைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும்தான் புடு சிறை வாசலுக்கு வருவார். அந்தக் கையோடுதான் வருவார். பார்க்கத் தைரியம் இல்லை என்றாயே, பார். அதிலிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். வேறு பக்கம் நழுவிப் போய்விடாதே தம்பி, உனக்காக வேலை லீவு கேட்டு நிற்கப்போகிற மனுஷரைத் தனியாகத் திருப்பி அனுப்பிவிடாதே.

இன்னும் ஒன்றுதான். அன்று கோர்ட்டில் நான் சொல்லி முடித்ததும், இந்தச் சாட்சியிடம் கேட்க ஏதாவது உண்டா என்று ஜட்ஜ் உன்னிடம் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். எனக்கு அப்போது வயிற்றில் எட்டு மாதம். ஒன்றுமில்லை என்று தலையைக் குனிந்துகொண்டாய். அந்தப் பிடி எங்கே அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

இப்போது வந்து கேள். எங்கள் அறை வாசலில் நின்று, லைன் முழுக்க வெளியே வந்து பார்க்கும்படி சத்தமாகக் கேள். நான் உள்ளே ஓடி ஒளிய மாட்டேன், பதில் சொல்கிறேன். நீ கேட்டு முடித்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு உட்கார், சோறு போடுகிறேன்.

முருகன் உன்னை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தட்டும்.

உன் அண்ணி,
பவுனம்மாள்