கடிகாரத்துக்குப் பின்னால் நீ வைத்த டப்பா

அன்பு மகள் சுண்டெலிக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி குறையில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன், அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடாதே. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ போனில் கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாவின் மேல் வைத்துவிடுகிறார், துணி போட வந்தவர்களும் வாங்க வந்தவர்களும் வட்டமாக நின்று கேட்கிறார்கள், போன தடவை உன் இருமலுக்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். இந்த விஷயத்தை அப்படி ஊரைக் கூட்டிப் பேச முடியாது, ஏனென்றால் இது அவரைப் பற்றியது.

நீ எனக்கு மட்டும் தனியாக அனுப்பிய செய்தியைப் படித்தேன். நம் சலவைக் கடைச் சுவரில் இருக்கிற கடிகாரத்துக்குப் பின்னால் நீ ஒரு சின்ன டப்பாவை ஒளித்துவைத்துவிட்டுப் போனாயாம், அதற்கு ஜியோகேஷ் என்று பெயராம், இடத்தை இணையத்தில் போட்டுவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் தேடி வந்து கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் காகிதத்தில் பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்களாம். பூங்காவிலும் பாலத்தடியிலும் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், உனக்கு மட்டும் நாலு சுவருக்குள், அதுவும் எங்கள் கடைக்குள் வைக்கத் தோன்றியது பார். கட்டடத்துக்குள் வைப்பதென்றால் கடைக்காரரின் அனுமதி வேண்டுமாம், அப்பாவிடம் கேட்டேன், தலையாட்டினார் என்கிறாய். அடி அசடே, அவர் சட்டை மடிக்கும்போது யார் என்ன கேட்டாலும் தலையாட்டுவார். உன் சித்தி அந்த நேரம் பார்த்துத்தான் தன் பூனையை நம் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போனாள், அது துவைத்த போர்வைகளின் மேலேயே குடித்தனம் நடத்தியது ஞாபகம் இருக்கும். இப்போது தேடி வருகிறவர்கள் டப்பா கிடைக்கவில்லை என்று எழுதுகிறார்களாம், மாதக் கடைசிக்குள் பழைய இடத்தில் வைக்காவிட்டால் உன் டப்பாவைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று இணையதளக்காரர்கள் கெடு வைத்திருக்கிறார்களாம், அம்மா நீதான் அப்பாவிடம் சொல்லி எப்படியாவது வைக்க வேண்டும் என்று கெஞ்சியிருந்தாய். அந்த ஊரில் என்னுடையது என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான் என்றும் எழுதியிருந்தாய். பெற்றவர்கள் இரண்டு பேர் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், டப்பா ஒன்றுதான் மிச்சமாம். இருக்கட்டும், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு, என் மகளின் டப்பாவை நானே மீட்டுத் தருகிறேன் என்று இறங்கினேன். ஆனால் நீ நினைக்கிற மாதிரி அது தொலைந்துபோகவில்லை, கதையை முதலிலிருந்து கேள்.

நீ விமானம் ஏறின கொஞ்ச நாளிலேயே கடைக்குப் புதுப் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு கைக்குட்டையைச் சலவைக்குக் கொண்டுவருவார்கள். கொடுத்துவிட்டுப் போவார்களா என்றால் போகமாட்டார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்கள், தரையைப் பார்ப்பார்கள், கோட்டுகள் தொங்குகிற கம்பிக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவார்கள். கூரைக்கு அடியில் வந்தால் போன் வழிகாட்டாமல் குழம்பிவிடும் என்று இப்போது நீ எழுதித்தான் எனக்குத் தெரிகிறது. எதற்கு வந்தோம் என்று விளையாட்டில் இல்லாதவர்களிடம் மூச்சுவிடக் கூடாதாமே, அதனால் அவர்களும் வாயைத் திறக்கவில்லை. நான் உள்ளே தையல் மெஷினில் பட்டன் தைத்தபடி இதையெல்லாம் பார்த்து, இது திருட்டுக் கும்பல், நோட்டம் விடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். உன் சித்தி, கடையை விலைக்குக் கேட்கப் போகிறார்கள், அசந்துவிடாதே என்றாள். உன் அப்பா எங்கள் இருவரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார், சுகாதார ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் வேஷத்தில் வருகிறார்கள் என்றார். அன்றிலிருந்து பிடித்தது சனி. மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார், இஸ்திரி மேஜையின் கால்களுக்குக்கூடப் புது வார்னிஷ் அடித்தார். ஒருநாள் நெட்டையான ஒரு மனிதர் கல்லாவுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பதற்காகத் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார், உன் அப்பாவும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, நல்லாப் பாருங்க சார், ஒரு தூசி இருந்தாச் சொல்லுங்க என்றார். அந்த நெட்டைக்காரர் திருதிருவென்று விழித்துவிட்டு, ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று முழுக்க உன் அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தச் சுத்தம் செய்கிற வெறியில்தான் கடிகாரத்தைக் கழற்றினார். நீ பள்ளிக்கூடம் போகும்போதே நின்றுபோன கடிகாரம், நின்றுபோன கடிகாரத்தின் முதுகைத் தடவிப் பார் என்று தேடிச் சலித்தவர்கள் மட்டும் படிக்க நீ துப்பு வேறு எழுதிவைத்திருக்கிறாய், இவர் அதைத் துடைத்து, பேட்டரி மாற்றி ஓடவிட்டுவிட்டார். இனி நின்ற கடிகாரத்தை எங்கே போய்த் தேடுவார்கள். கழற்றும்போது காந்தத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த உன் டப்பா டொக்கென்று கீழே விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் திறந்து பார்த்திருப்பார்கள், அல்லது குப்பையில் போட்டிருப்பார்கள். உன் அப்பா என்ன செய்திருப்பார் என்று உனக்கே தெரியும். ஒரு டோக்கனை எடுத்து இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை டப்பாவில் நூலால் கட்டி, மறுபாதியைக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டு, டப்பாவைக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சலவைக்கு வந்த துணிகளின் பையிலிருந்து எடுத்த சாவி, மோதிரம், ஒற்றைக் கம்மல், பேனா எல்லாம் இருக்கிற அதே அலமாரிதான். உரியவர் நேரில் வந்து, தன்னுடையதுதான் என்று காட்டினால்தான் வெளியே வரும். கோட்டுப் பையில் பல்செட்டை விட்டுவிட்டுப் போனவரின் கதையை மறந்திருக்க மாட்டாய். பெண்டாட்டியை அனுப்பினார், உன் அப்பா கொடுக்கவில்லை. தானே வந்தார், பல் இல்லாமல் சொன்ன பெயர் இவருக்குப் புரியவில்லை, பெயர் புரியாமல் பல்லைக் கொடுக்க இவருக்கு மனமில்லை, கடைசியில் மாட்டிக் காட்டச் சொன்னார், பொருந்தியது, அப்புறம்தான் டோக்கனைக் கழற்றினார்.

அப்படிப்பட்ட உன் அப்பாவின் கையில்தான் உன் டப்பா மாட்டியது. தேடி வந்தவர்களில் பாதிப் பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடை முழுக்கத் தேடினார்கள், நட்டநடுவில் கண்ணாடிக்குள் இருந்ததை மட்டும் பார்க்கவில்லை. பார்த்த மீதிப் பேரின் பாடு அதைவிட மோசம். ஒரு நர்ஸம்மா தயங்கித் தயங்கி, அந்த டப்பாவைக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டாள். உங்களுதாம்மா என்றார் இவர். என்னுது இல்லீங்க என்றாள். யாருதுன்னு தெரியுமா, தெரியாதுங்க. உள்ள என்ன இருக்குன்னாவது தெரியுமா, ஒரு காகிதம் இருக்கும், அதுல என் பேரை எழுதணும் என்றாள். அடுத்தவங்க பொருள்ல உங்க பேரை எழுதுவீங்களா என்று இவர் கேட்டாரே ஒரு கேள்வி, அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. உன் விளையாட்டுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், அத்தனை பேரும் நாணயமானவர்கள். என்னுடையது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், ஒருவர்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் டோக்கனின் மறுபாதியைக் கேட்டிருப்பார், அது வேறு விஷயம்.

உன் செய்தி வந்த பிறகு நான் உன்மேல் கோபப்படுவாரோ என்று உன் பெயரை எடுக்காமல் அவரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன், அந்த டப்பாவை யாரோ விளையாட்டுக்கு வைத்திருப்பார்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்றேன். உரியவர் வரட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சரி, இவரிடம் பேசிப் பயனில்லை, அவர் இல்லாத நேரம் பார்த்து எடுத்துவிடுவோம் என்றால் அலமாரிச் சாவியைப் பேன்ட் பையை விட்டு வெளியே வைப்பதில்லை. ஆனால் பார், போன செவ்வாய்க்கிழமை இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் வாங்கப் போகும்போது பேன்ட் மாற்றிக்கொண்டு போனார், பழைய பேன்ட்டைச் சலவைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார், துவைக்கும் முன் வழக்கம்போலப் பையைத் துழாவினால் சாவி. பையில் கிடைத்த பொருள் எதுவானாலும் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும் என்பது கடைச் சட்டம், இந்தச் சாவியை அலமாரியில் வைப்பதானால் இந்தச் சாவியாலேயே அலமாரியைத் திறந்தாக வேண்டும். சட்டப்படிதான் திறந்தேன். திறந்து டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினால், அடியில் நீ வரைந்த எலி, பள்ளிக்கூட நோட்டிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் வரைந்துவைப்பாயே, அதே நீள வால் எலி. அந்த வாலை விரலால் தடவிக்கொண்டே நின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்தா அந்த நெட்டைக்காரர் மறுபடியும் ஒரு கைக்குட்டையோடு உள்ளே வர வேண்டும், அவருக்குப் பின்னாலேயே உன் அப்பாவும் வர வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

சாவி பையில் இருந்தது, அதை வைக்கத்தான் திறந்தேன் என்று சட்டம் பேசினேன். சட்டப்படி சரிதான் என்று சாவியை வாங்கிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை, இது யாருதுன்னு தெரியுமா உங்களுக்கு, உங்க மகளுது, அடியில எலி இருக்கு பாருங்க என்று டப்பாவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை. எலியைத் தெரியும், விழுந்த அன்னைக்கே பார்த்துட்டேன், அந்த வாலை எத்தனை சுவத்துல நான் துடைச்சிருக்கேன் என்றார். தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் பூட்டி வச்சிருந்தீங்க, அவ அங்கே கிடந்து தவிக்கிறாளே என்றேன். உரியவர் நேர்ல வரணும்னுதானே நான் சொல்றேன், அதுல என்ன தப்பு, அவளுக்குத் தெரியாத சட்டமா என்று ஒயரைப் பிரித்துக்கொண்டே சொன்னார், பிரித்த ஒயரையே மறுபடியும் சுருட்டினார். டப்பாவை நானே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நடுவில் மாட்டிக்கொண்ட நெட்டைக்காரர்தான் பாவம், கைக்குட்டையை மடித்தும் பிரித்தும் நின்றிருந்தார். கடைசியில் விளையாட்டு விவரம் முழுவதையும் அவரே சொன்னார், உன் அப்பாவும் பொறுமையாகக் கேட்டார், ஆய்வாளர் இல்லை என்று தெரிந்ததில் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு, டப்பாவையும் பேனாவையும் கொடுத்து, எழுதிக்கோங்க சார், பார்க்கிறது வேற எடுத்துட்டுப் போறது வேற என்றார். இப்போது யார் வந்து கேட்டாலும் நாற்காலி போட்டுக் கொடுக்கிறார், நர்ஸம்மாவும் திரும்ப வந்து எழுதிவிட்டுப் போனாள், எழுதி முடித்ததும் வாங்கிப் பூட்டிவிடுகிறார். ஆனால் கடிகாரத்துக்குப் பின்னால் வைக்க மட்டும் தலைகீழாக நின்றாலும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார், ஒளிச்சு வச்சவ வந்து ஒளிச்சு வைக்கட்டும் என்கிறார். டப்பா பத்திரமாக இருக்கிறது என்று இணையதளக்காரர்களுக்குத் தானே எழுதுவதாக நெட்டைக்காரர் சொல்லியிருக்கிறார். வைத்தவரே வந்து சரிசெய்யும் தேதியைக் குறிப்பிட்டு எழுதினால் கெடுவைத் தள்ளிவைப்பார்களாம். இந்த லீவில் வருகிறேன், அடுத்த லீவில் வருகிறேன் என்று எங்களுக்குச் சொல்லாத தேதியை அவர்களுக்காவது சொல்.

உனக்கு வேலை இருக்கும், லீவு கிடைப்பது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். போனில் வருகிற முகம் போதவில்லை. அப்பா இதைச் சொல்லமாட்டார், அவருக்கு டோக்கன் எழுதத்தான் தெரியும். வரும்போது பெட்டி நிறைய அழுக்குத் துணியைக் கொண்டுவராதே, கொண்டுவந்தாலும் பையில் எதையும் விட்டுவிடாதே, அப்புறம் அதற்கொரு பஞ்சாயத்து நடக்கும். உடம்பைப் பார்த்துக்கொள், இருமலுக்கு வெந்நீர் குடி, எங்கே போனாலும் பத்திரமாகப் போய் வா, நீ எந்த ஊரில் இருந்தாலும் உன் மனசு குளிர்ந்து இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆசையும் ஆசீர்வாதமும்.

முக்கியமான ஒன்று. இதை எழுதிக்கொண்டிருப்பதை அப்பா பார்த்துவிட்டார், யாருக்கு என்று கேட்கவில்லை, கல்லாப்பெட்டியைத் திறந்து டோக்கனின் மறுபாதியை எடுத்து என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனார். கவரில் இருக்கிறது, தொலைத்துவிடாதே, அது இல்லாமல் வந்தால் பெற்ற மகளானாலும் கொடுக்க மாட்டார். ஒரு மாதத்துக்குள் வாங்கிக்கொள்ளாத பொருளுக்குக் கடை பொறுப்பல்ல என்று எல்லா டோக்கனிலும் அச்சடித்திருக்குமே, உன் டோக்கனில் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டிருக்கிறார்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அம்மா