மூன்றாம் நம்பர் ஜன்னல்

மார்ச் 4, திங்கள்

சாப்பாட்டுக்கு நடுவே அண்ணி சாவகாசமாகச் சொன்னாள்: "வியாழக்கிழமை மாப்பிள்ளை உன்னைப் பாக்க ஸ்டேஷனுக்கே வர்றாராம். யாருன்னு சொல்லிக்க மாட்டாராம். மூணாம் நம்பர் ஜன்னல்ல பயணி மாதிரி ஏதாவது கேட்டுட்டுப் போயிடுவாராம்."

ரயில்வே விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் ஒரு நாளைக்கு எண்ணூறு பேர் வருகிறார்கள். அதில் யாரென்று கண்டுபிடிக்க? அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக நான் என்ன தொட்டி மீனா?

மார்ச் 6

நீலப் புடவையா, பச்சையா என்று அரைமணி நேரம் யோசித்தேன். யூனிஃபார்ம்தானே போடப் போகிறேன்.

மார்ச் 7, வியாழன்

காலையிலிருந்து தேன் ஒழுகப் பேசினேன். குளியலறை எங்கே என்றவருக்கு வெந்நீர் வரும் நேரம் வரை சொன்னேன். சாமான் வைக்கும் அறைக்கு வழி கேட்டவரிடம், நூற்று முப்பது வருட மணிக்கூண்டைப் பார்க்காமல் போகாதீர்கள் என்றேன். பக்கத்து ஜன்னல் அக்கா, "உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

பதினோரு மணிக்கு ஒருவர். நல்ல உயரம், கசங்காத சட்டை, தங்கும் அறை பற்றி ஆறு கேள்விகள். இவர்தான் என்று முடிவுகட்டி, எந்த அறை ஜன்னலில் காற்று வரும் என்பது வரை விளக்கினேன். கடைசியில், "என் வொய்ஃபுக்கு ஏசி ஒத்துக்காது" என்றார். அசடு வழிந்தேன்.

அந்த எரிச்சலில் அடுத்தவர் மாட்டிக்கொண்டார். இத்தனை பெரிய போர்டுக்கு நேர் கீழே நின்று, "அதுல என்ன போட்டிருக்கு?" என்றார்.

"ஏன் சார், படிக்கத் தெரியாதா?"

நகர்ந்து போய்விட்டார்.

மார்ச் 8

அவர்தான்.

அவருடைய தங்கை அண்ணிக்கு போன் செய்து சொன்னாளாம். மூக்குக் கண்ணாடி உடைந்து பழுதுக்குக் கொடுத்திருந்தாராம். அண்ணி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆக, என்னைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. சிரிப்பும் வருது, அழுகையும் வருது. கண்ணு தெரியாத மனுஷன்கிட்டப் போய் — ச்சே. என்ன வாய் எனக்கு?

மார்ச் 9

அண்ணியிடம் நம்பர் வாங்கி நானே பேசினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவாயில்லைங்க, குரல் தெளிவா கேட்டுச்சு" என்றார். அப்புறம், "கண்ணாடி வந்ததும் இன்னொரு தடவை வரலாமா?"

"வாங்க. யாருன்னு சொல்லிட்டு வாங்க."

மார்ச் 14, வியாழன்

வந்தார். வரிசையில் நின்றே வந்தார். வேலை முடிந்ததும் மாடி உணவறைக்குப் போனோம். காபி ஆறி ஏடு கட்டும் வரை பேசினோம். அவருக்குச் சிரித்தால் காது மடல் சிவக்கிறது. நாலரை மணி வண்டி போயே போய்விட்டது.

"எங்க ஊருக்கு அடுத்த வண்டி எப்போங்க?" என்று கேட்டார்.

ஆறு பத்துக்கு ஒன்று உண்டு. ஏழே முக்கால் என்றேன்.