ஷமீமா இருக்க நினைத்த நோன்பு

சிஸ்டர்,

இன்று மாலை நம் மருத்துவமனை வாசலில் யாரோ தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். பூண்டும் புதினாவுமாக நோன்புக் கஞ்சி வாசனை. நீங்கள் இல்லாத இரண்டாவது ரம்ஜான் இது.

பத்து வருடங்களுக்கு முந்தைய ரம்ஜான் நினைவுக்கு வந்தது. கூனிமேட்டு ஷமீமாவுக்கு அப்போது ஒன்பது வயது. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டிய சர்க்கரை நோய். அக்காக்களைப் போலத் தானும் நோன்பிருக்க ஆசைப்பட்டு, ஊசியை மட்டும் போட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பட்டினி கிடந்தாள். பள்ளியில் மயங்கி விழுந்தவளைப் பிழைக்க வைத்துவிட்டோம். ஆனால், பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று அவள் அத்தாவிடம் நான் கத்தினேன். உப்பளத்தில் வேலை பார்க்கும் அந்த மனிதர் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் மருந்து வாங்க வரவில்லை. வீட்டிலிருந்த இன்சுலின் இரண்டு நாளுக்குத்தான் வரும்.

நீங்கள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள்.

"டாக்டர், நீங்க சுகரைப் பத்திப் பேசுனீங்க. அவர் காதுல மார்க்கத்தைத் திட்டுன மாதிரி விழுந்திருக்குது."

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

நீங்களும் உப்பளக் குடும்பத்துப் பெண். மதிய வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து அவரைத் தேடிப் பிடித்தீர்கள். மறுநாள் அவரோடும் மகளோடும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் அழைத்து வந்தீர்கள். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று ஹஜ்ரத்திடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஷமீமாவின் பக்கம் திரும்பினார்.

"நோயாளிக்கு நோன்பு கடமை இல்லம்மா. நீ சின்னப் புள்ள வேற. ஒடம்பைப் பாத்துக்கிறதும் இபாதத்துதான், அல்லாவுக்குச் செய்யிற வணக்கந்தான்."

"அப்ப நான் மட்டும் சும்மா இருக்கணுமா?" என்று அழுதாள் அவள்.

நீங்கள்தான், இவளுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று ஹஜ்ரத்திடம் கேட்டீர்கள். அன்று முதல், தெருவில் நடக்க முடியாதவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பது ஷமீமாவின் பொறுப்பானது. அதன்பின் அந்த மாதம் முடியும்வரை ஒரு வேளைகூட அவள் ஊசியையோ சாப்பாட்டையோ தவறவிடவில்லை.

இப்போது கல்லூரியில் படிக்கிறாள், சிஸ்டர். போன வாரம், இரும்பை கிராமத்திலிருந்து அதே நோயோடு வந்த சிறுமிக்குத் தன் வயிற்றிலேயே ஊசி போட்டுக் காட்டினாள். அந்தக் குழந்தை விரதமிருப்பதாக வேண்டுதல் இருக்கிறது என்று தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் கத்தவில்லை. நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, "உங்க கோயில்ல யார்கிட்டம்மா பேசணும்?" என்று கேட்டேன்.