வெள்ளை கவுன் உள்ளவர்கள் வலது பக்கம்

டிச. 3, புதன்

விடியலிலிருந்து தூறல். தோல் தரம் பிரிக்க வெளிச்சம் போதவில்லை. டேனரியில் (தோல் பதனிடும் கம்பெனி) பதினொரு மணி வரை சும்மா. வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, கொசுவர்த்தி, குடை (பழையதை ரிப்பேர்காரரே கைவிட்டார்).

மாலை ராஜதுரை வந்தார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறு தோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் சூப்பரின்டெண்ட். இனி இந்தப் பக்கங்களில் அவர் ரா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் கர்த்தரின் இரண்டாம் வருகையைப் பற்றித்தானே பிரசங்கம். அதனால் 14ஆம் தேதி பிள்ளைகளின் நாடகம், கடைசி நியாயத்தீர்ப்பு. கர்த்தர் ராஜாவாக வந்து நல்லவர்களைச் செம்மறியாடுகளாக வலது பக்கமும் மற்றவர்களை வெள்ளாடுகளாக இடது பக்கமும் பிரிப்பார். வலது பரலோகம், இடது நரகம். திரைக்குப் பின்னால் மைக்கில் ராஜாவின் குரல் நான். “உங்க குரல்தான் சார் கேட்டா பயமா இருக்கும்” என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் டேனரியில் வெள்ளாட்டுத் தோலுக்குத்தான் கிராக்கி. பரலோகத்தில் வேறு பார்ட்டி வாங்குகிறார்கள் போலும்.

டிச. 7, ஞாயிறு

வெயில். ஆராதனை முடிந்ததும் ஒத்திகை. பிள்ளைகள் முப்பத்தொரு பேர். ரா. கையில் அட்டையும் பேனாவும்.

“வீட்ல வெள்ளை கவுன், வெள்ளை சட்டை இருக்கறவங்க கையத் தூக்குங்க.”

இருபது கைகள்.

“நீங்கள்லாம் வலது பக்கம். மத்தவங்க இடது. இடது பக்கத்துக்கு எந்தத் துணின்னாலும் பரவால்ல, மூஞ்சில கரி பூசிக்கலாம்.”

நித்தியத்துக்கான ஏற்பாடு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

இடது பக்கம் பதினொரு பேர். ஒன்பது பேர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு பேர் என் தெரு. அதில் ஒருத்தி பிளெஸ்ஸி, எதிர்வீட்டு மெர்சியின் மகள், எட்டு வயது. மெர்சி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு பிளெஸ்ஸி ஆசைப்பட்டுக் கேட்டது மெரூன் கவுன். அந்தப் பாவத்துக்கு நரகம்.

வலது பக்கம் முன்வரிசையில் ரா.வின் பேத்தி ஏஞ்சல், ஐந்து வயது. கவுனோடு சிறகும் உண்டு.

நான் ஏதாவது பேசினேனா? இல்லை. வடை சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

டிச. 9, செவ்வாய்

மெர்சி வந்தாள். பிளெஸ்ஸி ஞாயிறிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். கரி இன்னும் பூசவே இல்லை, அதற்குள் மணிக்கொரு தரம் சோப்பு போட்டு முகம் கழுவுகிறாள். நாடகம்தானே என்று மெர்சி சொல்லியிருக்கிறாள். அதற்கு மகள் கேட்டது: “நாடகம்னா நான் அந்தாண்ட போய் நிக்கலாமா மம்மி?” மெர்சி போய் ரா.விடம் கேட்டாள். லிஸ்ட் எழுதியாகிவிட்டது என்றாராம்.

வெள்ளை கவுன் நான் எடுத்துத் தருகிறேன் என்றேன்.

“குடுத்தா இவ அந்தாண்ட போய்டுவா. மிச்சம் பத்து பேரு இன்னாண்ணா பண்ணும்?”

வெட்கமாக இருந்தது. வெட்கம் அரைமணியில் கோபமாக மாறியது. கோபம் சௌகரியமானது.

டிச. 10, புதன்

தோல் மேஜையில் எதிரே நிற்கும் கரீம் பாயிடம் சொன்னேன். ஒரு தோலைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னார்: “எங்க கியாமத்துல, அதான் எங்க தீர்ப்பு நாளு, அன்னிக்கு யாருக்கும் துணியே கெடையாது சார். இந்தப் பேஜாரே இல்ல.”

வீட்டில் வேதத்தில் அந்த நியாயத்தீர்ப்பு அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். ராஜா கேட்பவை ஆறு: சாப்பாடு கொடுத்தாயா, தண்ணீர் கொடுத்தாயா, தங்க இடம் கொடுத்தாயா, துணி கொடுத்தாயா, நோயில் பார்த்தாயா, சிறைக்கு வந்தாயா.

நாலாவது, துணி.

துணி கொடுத்தாயா என்று கேட்கிற ராஜாவுக்கு முன்னால், துணி இல்லாத பிள்ளைகளை நரகத்தில் நிறுத்தியிருக்கிறோம். வேதத்தை இவ்வளவு துல்லியமாகத் தலைகீழாக்க ஒரு கமிட்டியால்தான் முடியும்.

டிச. 11, வியாழன்

ரா. வீட்டுக்குப் போய் இதையே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “பாயின்ட் கரெக்ட் சார். ஆனா அது வேதம், இது காஸ்ட்யூம்.” வலது பக்கம் கலர் கலராக நின்றால் போட்டோவில் எடுப்பாக இருக்காதாம். ஆயரைப் பார்த்தேன். ஓய்வுநாள் பள்ளி விஷயத்தில் தான் தலையிடுவதில்லை என்றார்.

சொல்லாமல் விழுங்கியவை:
1. ரா.வின் வெள்ளைச் சட்டை பற்றி ஒன்று.
2. ஆயரின் அங்கி பற்றி ஒன்று.
3. எழுதக் கூடாதது.

மைக் என் கையில்தான் இருக்கப்போகிறது.

டிச. 14, ஞாயிறு

குளிர். சர்ச் நிறைந்த கூட்டம். திரையின் இடுக்கு வழியாக மேடையும் தெரிந்தது, முன்வரிசையில் ரா.வும் தெரிந்தார்.

என் முறை வந்தது. இடது பக்கத்தைப் பார்த்து, வாருங்கள், ராஜ்யம் உங்களுக்குத்தான் என்றேன். கரி பூசிய பதினொரு முகங்கள் விழித்தன. பிறகு குரலை இன்னும் இறக்கி வலது பக்கத்திடம் சொன்னேன்: எனக்குத் துணி இல்லாதபோது நீங்கள் தரவில்லை. என்னை விட்டுப் போங்கள்.

ரா. எழுந்து நின்றார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தேன். மூன்று வினாடி நன்றாக இருந்தது.

ஏஞ்சல் அழ ஆரம்பித்தாள். நாடக அழுகை இல்லை. “நான் ஒண்ணும் பண்ணல தாத்தா” என்றாள். கவுனிலேயே சிறுநீர் போய்விட்டாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் ஒருத்தி, பிறகு ஒருவன், பிறகு இருபது பேரும்.

நான் அழைத்த ராஜ்யத்துக்கு இடது பக்கத்திலிருந்து யாரும் போகவில்லை. பிளெஸ்ஸி மட்டும் மேடையைக் கடந்து ஏஞ்சலிடம் போனாள். மெரூன் கவுனின் ஓரத்தால் அவள் முகத்தைத் துடைத்தாள். பிளெஸ்ஸியின் கன்னத்துக் கரி ஏஞ்சலின் சிறகில் ஒட்டியது. பிறகு பிளெஸ்ஸி திரையைப் பார்த்தாள். குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

“போதும் மாமா.”

மைக்கை அணைத்தேன்.

பிளெஸ்ஸி மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். வாசலில் நின்று இதை மட்டும் சொல்லிவிட்டு மெர்சி போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு ரா.விடமிருந்து போன். அவர் திட்டினால் சொல்ல வேண்டிய பதில்களை எடுத்து வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஏஞ்சல் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை என்றார். “நாடகம்தாண்டான்னு எல்லாரும் சொல்லிட்டோம், நம்ப மாட்டேங்குது. நீங்க வந்து அதே குரல்ல சொல்லணும் சார்.”

கிளம்புகிறேன். தொண்டை கட்டியிருக்கிறது.