பெஞ்சை வைத்துப் போட்ட அஸ்திபாரம்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் கர்த்தர் தயவால் சுகமாக இருக்கிறோம், உனக்கும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் காலையிலும் மாலையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை, அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது, தபால்காரர் கொண்டுவந்து கையில் கொடுப்பதை வாங்காமல் இருக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன். நீ வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று உன் கூட்டாளி சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. திரும்பி வரத்தான் ஆசை, ஆனால் வெறுங்கையோடு போய் வாசலில் நிற்க மாட்டேன் என்று அவனிடம் சொன்னாயாம். அதை அப்படியே உன் அக்காவிடம் சொன்னேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே, "விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போகட்டும். இந்த வீட்டுல இடம் கேக்க வேண்டாம். அப்பா படுத்த படுக்கையா கெடந்தப்ப தூக்கி உக்கார வெச்சது யாரு, அவனா?" என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் சங்கடம்.

தெருச் செய்திக்கு வருகிறேன். வெள்ளத்துக்குப் பிறகு எங்களை எல்லாம் மேட்டுக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள் என்பது உனக்குத் தெரியும், நீ அதற்கு முந்தியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இப்போது ஆற்றங்கரையை உயர்த்திக் கட்டி, இஷ்டப்பட்டவர்கள் திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். வந்துவிட்டோம். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் எட்டிப் பார்க்கிறது, அக்கா அலமாரியை நகர்த்தி அதை மறைக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஜெப வீடு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, விழுந்தது போக மீதியை இயந்திரம் விட்டு மட்டமாக்கிவிட்டார்கள். அதைத் திரும்பக் கட்டுவது என்று சபையில் முடிவு செய்தோம். போதகர் ஏணியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டதால் புதன்கிழமைக் கூட்டத்தில் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்கத் துணி வெளுத்தவளுக்குப் பிரசங்கம் என்ன தெரியும், ஆனாலும் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் கண் முன்னால் கிடந்தது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் திரும்பி வந்து இடிந்த ஆலயத்தைக் கட்டினார்களே, அதையே வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

சின்ன வயதில் எனக்கு அந்தப் பகுதி வந்தாலே கொட்டாவி வரும். யார் யார் வந்தார்கள், எத்தனை கழுதை, எத்தனை கிண்ணம் என்று நீண்டுகொண்டே போகும். இப்போது நிதானமாகப் படித்தால் ஒன்று கண்ணில் பட்டது. பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தவர்களைச் சொன்ன அதே மூச்சில், தாங்கள் இன்னார் வம்சம் என்று காட்ட முடியாமல் வந்தவர்களையும் சொல்லியிருக்கிறது. கையில் காட்ட ஒன்றும் இல்லை, ஆனாலும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்திருக்கிறார்கள். கர்த்தர் அவர்களையும் எழுதி வைக்கச் செய்திருக்கிறார். முதல் வாரம் அதைத்தான் பேசினேன், பேசும்போது உன் நினைப்புதான். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது சைக்கிள்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்தாரே, அவர்தான். தண்ணீர் வந்தபோதும் மாடியை விட்டு இறங்க மாட்டேன் என்று தெருவிலேயே இருந்துவிட்டார். ஜெப வீட்டில் பாதிக் கூரை நின்றிருந்தவரை அதற்குள்ளேதான் சைக்கிளைப் படுக்கப் போட்டுப் பஞ்சர் ஒட்டியிருக்கிறார். நாங்கள் வந்ததும் கட்டுமான வேலைக்கு நானும் வருகிறேன் என்று கேட்டார். கமிட்டியில் முடியாது என்று சொன்னது வேறு யாரும் இல்லை, உன் அக்காதான். பரிசுத்த இடத்தில் பஞ்சர் ஒட்டின கை இந்தக் கல்லைத் தொடக்கூடாதாம், வெள்ளத்தில் அவதிப்பட்டுப் போய் வந்த நாங்களே கட்டிக்கொள்வோமாம். ஊரை விட்டுப் போனவனுக்கு வீட்டில் இடமில்லை, தெருவை விட்டுப் போகாதவருக்கு ஜெப வீட்டில் இடமில்லை. உன் அக்கா எந்தப் பக்கம் நின்றாலும் வாசலை அடைத்துக்கொண்டுதான் நிற்பாள். எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் சும்மாதான் இருந்தேன்.

ஆள் வேண்டாம் என்றார்களே தவிர அவர் கடையில் இருந்த பெஞ்சு வேண்டியிருந்தது. பழைய ஜெப வீட்டுச் சாமானில் மிஞ்சியது அது ஒன்றுதான், வெளியே இழுத்துப் போட்டுக் காப்பாற்றியது அவர். கூடத்தின் நீளம் எதிலிருந்து எதுவரை என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, அகலத்தில்தான் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில், குறுக்கே இரண்டு பெஞ்சும் நடுவில் நடக்க வழியும் இருந்தது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அந்தப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்து அளந்து கயிறு கட்டினார்கள். அளவு நாடாவைப் பிடித்தவள் உன் அக்கா, வேறு யார் கையிலும் அதைக் கொடுக்கவில்லை. அளந்து முடித்ததும் பெஞ்சைக் கொண்டுபோய் அவர் கடையிலேயே போட்டுவிட்டார்கள்.

அஸ்திபாரம் போட்டு மேலே வந்த அன்றைக்குப் பாட்டுப் பாடி ஜெபம் பண்ணினோம். இளசுகள் கை தட்டினார்கள். வயசானவர்கள் சுற்றிப் பார்த்து அழுதார்கள், எனக்கும் என்னவோ போல இருந்தது, நம் ஜெப வீடு இவ்வளவுதானா என்று தோன்றியது. அந்த வாரம் பேசுவதற்கு வேறு எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை. எருசலேமிலும் இதே கதைதான், அஸ்திபாரம் போட்டபோது முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்கள், எது அழுகை எது சந்தோஷம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இழந்தது எப்போதும் பெரிதாகத்தான் தெரியும், அது கண்ணின் கோளாறு, கர்த்தர் தருவதைச் சின்னது என்று நினைக்காதீர்கள் என்று நன்றாகவே பேசினேன். நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் செருப்பு வார் அறுந்து சைக்கிள்காரர் கடையில் நின்றேன், உட்காருங்க என்றார். உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டது. இந்த வயசில் நான் உயரமாக வளர்ந்துவிடவில்லை. எழுந்து அந்தப் பெஞ்சை ஒரு சுற்றுப் பார்த்தேன், அப்புறம்தான் உறைத்தது. அது பெரியவர்கள் உட்கார்ந்த பெஞ்சே இல்லை, பின்னறையில் சிறுபிள்ளைகள் வகுப்புக்குப் போட்டிருந்தது, உயரமும் நீளமும் குறைவு. நீயும் அக்காவும் இடித்துக்கொண்டு உட்கார்ந்த பெஞ்சு. அவரைப் பார்த்தேன். நீங்கள் சின்னதாகத்தான் கட்டுகிறீர்கள் போல என்று நினைத்தாராம், வேண்டாம் என்று சொன்ன இடத்தில் போய் வாயைக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டாராம். வாரை ஒட்டிக்கொண்டே சிரித்தார். கண்ணின் கோளாறு என்று நான் பேசின பேச்செல்லாம் நினைவுக்கு வந்தது, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது, சாப்பிடாமல் எழுந்து போய் அந்தப் பெஞ்சில் தானே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தாள். கொத்தனார், நீளத்தில் தப்பில்லை, ஒரு பக்கத்து அஸ்திபாரத்தை மட்டும் தோண்டித் தள்ளிப் போட்டால் போதும், ஆனால் ஆள் பற்றாது என்றார். அடுத்த புதன்கிழமை நான் இதுவரை தாண்டித் தாண்டிப் போன இடத்தை எடுத்தேன். ஆலயம் கட்ட ஆரம்பித்தபோது அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் வந்து நாங்களும் கை கொடுக்கிறோம் என்று கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது, கேட்டு வந்தவர்கள் நல்லவர்கள் இல்லை என்றே வேதம் சொல்கிறது, நான் வேதத்தை விடப் பெரியவள் இல்லை. அதன் பிறகு வேலை வருஷக்கணக்கில் நின்றுபோனது என்பதும் அங்கேதான் இருக்கிறது. நமக்குக் காரணம் என்ன, பஞ்சர் ஒட்டினதுதானா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் கடப்பாரை சத்தம் கேட்டு எழுந்து போனேன். சைக்கிள்காரர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் அக்கா தோண்டுவதை நிறுத்திவிட்டு அவரிடம் போய், "வாங்கண்ணே. நீங்க பாத்துச் சொல்லுங்க, இந்தத் தடவை நாடாவை நீங்க பிடிங்க" என்றாள். அவள் அப்படி இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நானும் ஒரு கூடையை எடுத்தேன். இப்போது சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. சின்னப் பெஞ்சு சின்ன வகுப்புக்கே போகிறது.

உன்னைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் அவளிடம் பேசவில்லை, பேசினால் முறுக்கிக்கொள்வாள். நேற்று சாயங்காலம் மெஷினைச் சின்ன அறையிலிருந்து கூடத்துக்குத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள், வெளிச்சம் பற்றவில்லை என்றாள், அந்த அறையில்தான் வெளிச்சம் அதிகம் என்பது எனக்குத் தெரியாதா. பெஞ்சு செய்ய வந்திருக்கிற தச்சரை வீட்டுக்குக் கூட்டிவந்து அந்த அறையைக் காட்டினாள். தச்சர் உன் பழைய கட்டிலை அளந்து அதே மாதிரி அடித்துவிடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். இன்றைக்கு நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, கடைசியில் சேர்த்து எழுதுங்கள் என்று ஒன்று கேட்கச் சொன்னாள், அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பட்டினி கிடக்காதே. நம்மைத் திரும்பக் கூட்டிவந்தவர் உனக்கு முன்னாலும் பின்னாலும் நடந்து உன்னையும் கூட்டிவரட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

அக்கா கேட்கச் சொன்னது: நீ இப்போது எவ்வளவு உயரம்? போகும்போது பார்த்ததை வைத்து அவள் அளக்க மாட்டாளாம். போனில் இருக்கிற உன் படத்தில் தோள் வரைக்கும்தான் தெரிகிறாய். நேரில் வந்து நின்றால் இன்னும் நல்லது, தச்சர் காத்திருக்கிறார்.